பாம்பன் தம்பியோட கேள்வி: கடல் வீடியோ சேனலுக்கு சேல்ஸ் ஃபனல் வொர்க் ஆகுமா?

பாம்பன்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு. விசைப்படகுல கடலுக்குப் போறவரு, போற இடத்துல போன்லயே வீடியோ எடுத்து யூடியூப்ல போட்டு நாப்பதாயிரம் சப்ஸ்கிரைபர் வரைக்கும் சேனலை கொண்டு வந்துட்டாரு. ராமேஸ்வரம் சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு ஒரு பிடிஎஃப் வழிகாட்டி தயார் பண்ணி 199 ரூபாய்னு வச்சு வீடியோவுக்கு கீழ லிங்க் போட்டிருக்காரு, மூணு மாசத்துல பதினோரு பேர்தான் வாங்கியிருக்காங்க. இப்ப ஒருத்தர் சேல்ஸ் ஃபனல், அதாவது வீடியோ பாக்குறவரை படிப்படியா வாங்குறவரா கொண்டு வர்ற வழி, அதைச் சொல்லிக் கொடுக்குற கோர்ஸை 15,000 ரூபாய்க்கு விக்கிறாரு, அதுல சேரலாமா, சாஃப்ட்வேர் வேற வாங்கணுமாமே, நம்ம மாதிரி ஆளுக்கு இது வொர்க் ஆகுமான்னு கேக்குறாரு.

கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன் தம்பி, வொர்க் ஆகும். உங்க ஊருக்கு, உங்க தொழிலுக்கு மத்தவங்களை விட நல்லாவே ஆகும், ஏன்னு கீழ சொல்றேன். கோர்ஸ், சாஃப்ட்வேர் விஷயம் கடைசில.

முதல்ல பதினோரு பேர் மட்டும் ஏன் வாங்குனாங்கன்னு பாருங்க. உங்க வீடியோவை பாக்குறவர் கோயம்புத்தூர்ல சாப்பிட்டுட்டு படுத்துக்கிட்டு பாக்குறாரு, வலைல சீலா மீன் விழுறதை பாத்து சந்தோஷப்படுறாரு, அவ்வளவுதான். அவருக்கு இன்னைக்கு ராமேஸ்வரம் வர்ற பிளான் கிடையாது. மே மாசம் பிள்ளைங்களுக்கு லீவு விட்டதும் பிளான் போடுவாரு, ஆனா அப்ப உங்க ஞாபகம் இருக்காது, கூகுள்ல தேடி எவனோ எழுதுனதை படிச்சிட்டு வந்துடுவாரு. அதாவது பாக்குற ஆளும் வாங்குற ஆளும் ஒரே ஆள்தான், பாக்குற நாளும் வாங்குற நாளும்தான் வேற வேற. அந்த ரெண்டு நாளுக்கும் நடுவுல அவரை கைல வச்சிருக்க உங்ககிட்ட எந்த வழியும் இல்ல. ஃபனல்னு சொல்றது அந்த நடுவுல இருக்க வழியைத்தான், லிங்க் போடுறதோ கலர் கலரா பேஜ் செய்றதோ இல்ல.

உங்களுக்கு புரியுற மாதிரி சொல்லணும்னா இழுவை வலையை நினைச்சுக்கங்க. வாய் அகலமா இருக்கும், போகப் போக குறுகி கடைசில மீன் சேருற பை, அந்த மடில வந்து சேரும். வாயும் மடியும் மட்டும் இருந்து நடுவுல வலை கிழிஞ்சு கிடந்தா எவ்வளவு நேரம் இழுத்தாலும் ஒண்ணும் நிக்காது. உங்க வாய் பெருசாதான் இருக்கு, நாப்பதாயிரம் பேரு, மடியும் இருக்கு, அந்த 199 ரூபா பிடிஎஃப். நடு வலைதான் இல்ல. இதுல ஒரே ஒரு வித்தியாசம், இங்க வர்றவங்க யாரையும் மாட்ட வைக்கக் கூடாது, வேணாங்கிறவங்க எந்த இடத்துலயும் ஈஸியா வெளிய போகணும், அப்பதான் கடைசி வரைக்கும் வர்றவங்க உண்மையிலேயே தேவை இருக்கவங்களா இருப்பாங்க.

இது நேத்து வந்த விஷயமும் இல்ல. முதல்ல கவனம், அப்புறம் ஆர்வம், அப்புறம் ஆசை, அப்புறம் வாங்குறதுன்னு படிப்படியா பிரிச்ச யோசனை 1898 வாக்குலயே அமெரிக்காவுல எல்மோ லூயிஸ்ங்கிற விளம்பரக்காரர் பேர்ல சொல்லப்படுது. நூறு வருஷத்துக்கு மேல பழசு, அதனால யாராவது ரகசியம்னு சொல்லி வித்தா நம்ப வேண்டாம்.

விளம்பர வருமானத்தை மட்டும் நம்பி இருக்கது உங்களுக்கு ஏன் ஆபத்துன்னா, நீளமான வீடியோல வர்ற விளம்பரக் காசுல 55 சதவீதம் கிரியேட்டருக்கு, ஷார்ட்ஸ்ல உங்க பங்குக்கு ஒதுக்குனதுல 45 சதவீதம். அந்த காசும் வீடியோ போட்டாதான் ஓடும். உங்களுக்கு ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கரைலதான் கிடக்கும், கடலும் இல்ல வீடியோவும் இல்ல, மீன் காசு யூடியூப் காசு ரெண்டும் ஒண்ணா குறையுது. ஆனா அதே 61 நாளைத் திருப்பிப் பாருங்க, ஏப்ரல் கடைசி, மே முழுக்க பள்ளிக்கூட லீவு, வெளியூர் குடும்பமெல்லாம் தீவுக்கு வர்ற நேரம். உங்க தொழில் படுக்குற மாசமும் உங்க பிடிஎஃப்க்கு ஆள் தேடுற மாசமும் ஒண்ணு. இந்த பொருத்தம் சென்னைல உக்காந்து டெக் வீடியோ போடுறவருக்கு கிடையாது. அதனாலதான் உங்களுக்கு நல்லாவே ஆகும்னு சொன்னேன்.

சரி, நடு வலையை எப்படி கட்டுறது.

முதல்ல இலவசமா கொடுக்க ஒரு பொருள் வேணும். பெரும்பாலானவங்க இங்கதான் தப்பா யோசிக்கிறாங்க, விக்கிற பிடிஎஃப்ல இருந்து முதல் பத்து பக்கத்தை பிச்சு இலவசம்னு கொடுக்கிறாங்க. அதை வாங்கிப் படிச்சவருக்கு எந்த பிரச்சனையும் தீராது, பாதில விட்ட மாதிரி எரிச்சல்தான் வரும். இலவசமா கொடுக்குறது சின்னதா இருக்கலாம், ஆனா அது ஒரு பிரச்சனையை முழுசா முடிச்சு வைக்கணும். உங்களுக்கு ஒரே ஒரு பக்கம் போதும், "கோயிலுக்குப் போற அன்னைக்கு காலைல" அப்படின்னு. 22 தீர்த்தமும் ஆடணும்னா எத்தனை மணிக்கு கிளம்பணும், முதல்ல அக்கினி தீர்த்தம் கடல்ல குளிச்சிட்டு அப்புறம் உள்ள வரணும், ஈரத்துணியோட சாமி பாக்க விடமாட்டாங்க அதனால மாத்துத்துணி கைல இருக்கணும், போன் உள்ள கொண்டு போக முடியாது அதை எங்க வைக்கணும், வயசானவங்க கூட வந்தா எந்த இடத்துல வழுக்கும். இவ்வளவுதான். போன் ஸ்கிரீன்ல பெரிய எழுத்துல படிக்கிற மாதிரி ஒரு பக்கம், பக்கம் வடிவமைக்கிற கேன்வா ஆப்போட இலவச வெர்ஷன்லயே செஞ்சிடலாம். அதை பாத்து அந்த காலைப்பொழுது நல்லபடியா போச்சுன்னா அந்த குடும்பம் உங்களை மறக்காது, மத்த ரெண்டு நாளுக்கு என்ன பண்றதுன்னு உங்ககிட்டதான் கேக்கும்.

அப்ப விக்கிற பிடிஎஃப்ல என்ன இருக்கணும்? இணையத்துல இலவசமா கிடைக்கிற இடப்பட்டியல் இருந்தா யாரும் 199 கொடுக்க மாட்டாங்க, கொடுக்கவும் வேண்டாம். கடலுக்குப் போறவருக்கு மட்டும் தெரிஞ்சதை எழுதுங்க. நம்ம ஊர்ல மன்னார் வளைகுடாவை ஆண்கடல்னும் பாக் ஜலசந்தியை பெண்கடல்னும் சொல்லுவோம்ல, கச்சான், அதாவது தென்மேற்குக் காத்து அடிக்கிற மாசங்கள்ல தெக்குப் பக்கம் கொந்தளிச்சுக்கிட்டு இருக்கும், வடக்குப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும், வாடை வந்துச்சுன்னா அப்படியே மாறிடும். இது தெரியாத வெளியூர்க்காரர் ஜூலைல சின்னப் பிள்ளையை கூட்டிக்கிட்டு தனுஷ்கோடில தெக்கு அலைப்பக்கம் இறங்குறாரு. எந்த மாசம் எந்தக் கரைல பிள்ளைங்க கால் நனைக்கலாம், எங்க இறங்கவே கூடாது, இதை ஒரு படத்தோட போட்டீங்கன்னா அந்த ஒரு பக்கத்துக்கே 199 கொடுப்பாங்க. அதோட தனுஷ்கோடிக்கு எத்தனை மணிக்குள்ள போயிட்டு திரும்பணும், சாயங்காலத்துக்கு மேல உள்ள விடமாட்டாங்கங்கிறது, ரெண்டாவது நாள் தீவை விட்டு வெளிய வந்தா தேவிபட்டினம் நவபாஷாணம், திருப்புல்லாணி, சேதுக்கரை, உத்தரகோசமங்கை, ஏர்வாடின்னு எந்த வரிசைல போனா அலைச்சல் குறையும், தொண்டி ரோட்டுல காரங்காடுல அலையாத்திக்காட்டுக்குள்ள படகுல போறது, தடைக்காலத்துல என்ன மீன் ஃப்ரெஷ்ஷா கிடைக்கும் எது ஐஸ்ல கிடந்தது. இதெல்லாம் நீங்க சொன்னாதான் நம்புவாங்க.

இலவச பக்கத்தை எப்படி கொடுக்குறது, ஆளோட தொடர்பு எப்படி நம்ம கைக்கு வர்றது, அதுதான் அடுத்தது. வெளிநாட்டு ஆளுங்க எல்லாம் இமெயில் இமெயில்னு சொல்லுவாங்க, நம்ம பக்கத்து குடும்பங்களுக்கு இமெயில் பேங்க் ஓடிபி பாக்குறதுக்கு மட்டும்தான், வாட்ஸ்அப்லதான் வாழ்க்கையே. அதனால வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்ல ஆரம்பிங்க, காசு கிடையாது. ஆனா வீட்டு நம்பரை போடாதீங்க, தனியா ஒரு சிம் வாங்குங்க. நம்பருக்கு ஒரு லிங்க் உண்டாக்கலாம், அதை தொட்டா சாட் திறந்து "ராமேஸ்வரம் காலை பக்கம் வேணும்"னு மெசேஜ் தானா டைப் ஆகி நிக்கும், அவங்க அனுப்புற பட்டனை மட்டும் அமுக்கணும். வரவேற்பு மெசேஜ் தானா போற மாதிரி வச்சு, அதுல அந்த ஒரு பக்கத்துக்கான லிங்க்கை போட்டுடுங்க, உங்க போன்ல நெட் இருந்தா போதும், நீங்க வேற வேலையா இருந்தாலும் அவங்களுக்கு போயிடும்.

இதுல தெரிஞ்சுக்க வேண்டிய நுணுக்கம் ரெண்டு மூணு இருக்கு. ஒரே மெசேஜை நிறைய பேருக்கு தனித்தனியா அனுப்புற பிராட்காஸ்ட் லிஸ்ட்ல ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர்தான், அதுவும் உங்க நம்பரை அவங்க போன்ல சேவ் பண்ணியிருந்தா மட்டும்தான் மெசேஜ் போய்ச் சேரும். அதனால முதல் மெசேஜ்லயே "இந்த நம்பரை பாம்பன் கடல்னு சேவ் பண்ணிக்கங்க, பயணத்துக்கு முந்தின நாள் காத்து எப்படி இருக்குன்னு சொல்றேன்"னு எழுதுங்க. சேவ் பண்றதுக்கு அவங்களுக்கு ஒரு காரணம் வேணும்ல. வாட்ஸ்அப் சேனல்னு 2023 செப்டம்பர்ல இந்தியாவுக்கு வந்துச்சே, அதுல எத்தனை பேர் வேணாலும் சேரலாம், ஆனா அவங்க திருப்பி உங்ககிட்ட பேச முடியாது, நம்பரும் உங்களுக்கு தெரியாது. பழக்கத்தை தொடர்றதுக்கு சேனல் ஓகே, விக்கிறதுக்கு நேரா நடக்குற சாட்தான். அப்புறம் முக்கியமா, அவங்க நம்பர் எதுக்கு வாங்குறீங்க, என்ன அனுப்புவீங்கன்னு சொல்லி சம்மதம் வாங்கிட்டு அனுப்புங்க, 'வேண்டாம்'னு ஒரு வார்த்தை அனுப்புனா நிறுத்திடுவேன்னும் எழுதுங்க. 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டமே சம்மதத்தைத்தான் அடிப்படையா வச்சிருக்கு, சட்டத்தை விடுங்க, கேக்காம மெசேஜ் அனுப்புனா நாலு பேர் ரிப்போர்ட் அடிப்பாங்க, நம்பரே போயிடும்.

லிங்க்கை எங்க வைக்கிறதுங்கிறதுல ஒரு விஷயம் நிறைய பேருக்கு தெரியாது. ஷார்ட்ஸ்ல டிஸ்கிரிப்ஷன்லயும் கமெண்ட்லயும் போடுற லிங்க்கை தொட்டா திறக்காது, 2023 ஆகஸ்ட் 31-ல இருந்து யூடியூப் அதை நிறுத்திடுச்சு. உங்க வியூஸ்ல பாதிக்கு மேல ஷார்ட்ஸ்ல இருந்து வந்துச்சுன்னா அவங்க யாருமே உங்க லிங்க்கை தொட்டிருக்க முடியாது. அதுக்கு பதிலா ஷார்ட்ஸ்ல தொடர்புடைய வீடியோன்னு ஒண்ணை இணைக்கலாம், அதுல உங்க நீளமான ராமேஸ்வரம் வீடியோவை இணைங்க, அந்த வீடியோவுல பின் பண்ண கமெண்ட்ல வாட்ஸ்அப் லிங்க்கை வைங்க. வீடியோ முடியுற நேரத்துல சொல்றதை விட நடுவுல, தனுஷ்கோடி ரோட்டை காட்டும்போதே "கோயிலுக்கு போற அன்னைக்கு என்ன செய்யணும்னு ஒரு பக்கம் எழுதி வச்சிருக்கேன், கமெண்ட்ல இருக்கு, காசு வேண்டாம்"னு ஒரு வரி சொல்லிட்டு போயிடுங்க. கடைசி வரைக்கும் பாக்குறவங்க கம்மி.

அடுத்தது மெசேஜ். இங்கதான் ஃபனலோட உயிர் இருக்கு, இதுக்கு நேரம் செலவழிங்க.

முதல் நாள் அந்த இலவச பக்கம் அவங்களுக்கு போயிடுச்சு. அடுத்த நாளோ ரெண்டு நாள் கழிச்சோ ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எப்ப வர்ற மாதிரி இருக்கீங்க, கூட பெரியவங்க, சின்னப் பிள்ளைங்க யாராவது வர்றாங்களா?" விக்கிற பேச்சே கூடாது. அந்த பதில்லயே ஆள் மூணா பிரிஞ்சிடுவாங்க. தேதி குறிச்சாச்சு, அடுத்த வாரம் வர்றோம்ங்கிறவர் ஒருத்தர், லீவுல வரலாம்னு இருக்கோம்ங்கிறவர் ஒருத்தர், சும்மா பாத்தேன்ங்கிறவர் ஒருத்தர். வாட்ஸ்அப் பிசினஸ்ல லேபிள் போடுற வசதி இருக்கு, மூணு கலர்ல பிரிச்சுக்கங்க. தேதி குறிச்சவருக்கு அன்னைக்கே பிடிஎஃப் பத்தி சொல்லலாம், அவருக்கு அது இப்ப தேவை. லீவுல வரலாம்ங்கிறவருக்கு வாரத்துக்கு ஒண்ணா நல்ல தகவல் அனுப்புங்க, ஏப்ரல் நடுவுல திரும்பக் கேளுங்க. சும்மா பாத்தவரை தொந்தரவு பண்ணாதீங்க, அவரு வீடியோ பாக்கட்டும், அதுவே பெரிய விஷயம்.

விக்கிற மெசேஜ் எப்படி இருக்கணும்னு கேட்டா, இப்படி: "ஐயா, நீங்க மே 10 வர்றதா சொன்னீங்க, அம்மாவும் ரெண்டு பிள்ளைங்களும் கூட வர்றாங்கன்னு சொன்னீங்க. மூணு நாளைக்கு எங்க எப்ப போகணும், எந்தக் கரைல பிள்ளைங்க இறங்கலாம், பெரியவங்களுக்கு நடை கம்மியா எப்படி போகலாம்னு 40 பக்கத்துல எழுதி வச்சிருக்கேன், 199 ரூபாய். உள்ள எப்படி இருக்குன்னு ரெண்டு பக்கம் அனுப்பியிருக்கேன் பாருங்க. படிச்சிட்டு உபயோகம் இல்லன்னு தோணுச்சுன்னா சொல்லுங்க, காசை திருப்பி போட்டுடுறேன்." அவ்வளவுதான். வாங்கலைன்னா மூணு நாள் கழிச்சு ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க, அதுக்கு மேல வேண்டாம். அவரு சொன்னதை வச்சு அவருக்கு பேசுறீங்க, அதனாலதான் இது விளம்பரம் மாதிரி தெரியாது.

பணம் வாங்குறதுக்கு ஆரம்பத்துல யூபிஐ க்யூஆர் போதும், பிடித்தம் எதுவும் இல்ல, ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாம உங்க கணக்குல காசு ஏறிடுச்சான்னு பாத்துட்டு பிடிஎஃப் அனுப்புறீங்க. தினமும் நாலஞ்சு ஆர்டர் வர ஆரம்பிச்சா, நீங்க கடல்ல இருக்க நேரத்துல ஆள் காத்துக்கிட்டு இருக்கக் கூடாதுல்ல, அப்ப இன்ஸ்டாமோஜோ, ரேஸர்பே மாதிரி ஆன்லைன்ல பணம் வாங்கித் தர்ற சேவை ஒண்ணுக்கு மாறுங்க. ரேஸர்பேல சாதாரணமா 2 சதவீதம், அந்த 2 சதவீதத்து மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதாவது 199-க்கு கிட்டத்தட்ட 4 ரூபாய் 70 காசு போகும். அது பரவாயில்ல, தூங்கும்போது வித்தா அந்த 4 ரூபாய் தாராளமா கொடுக்கலாம்.

இப்ப கணக்கு. இது என் ஊகக் கணக்குதான், உங்க நம்பரை நீங்கதான் போட்டு பாக்கணும். பேச்சுக்கு மாசம் 60,000 வியூஸ் வருதுன்னு வைங்க, நூத்துக்கு ஒருத்தர் அந்த இலவச பக்கத்தை கேட்டா 600 பேர், அதுல நூத்துக்கு அஞ்சு பேர் வாங்குனா 30 பேர், 5,970 ரூபாய். இப்ப மூணு மாசத்துக்கு பதினொண்ணுன்னா மாசத்துக்கு கிட்டத்தட்ட 730 ரூபாய்தான் வருது. அந்த முப்பது பேர்கிட்ட பணம் கட்டுற நேரத்துல "தனுஷ்கோடி, தீவு, ராமநாதபுரம் சுத்தி ஆஃப்லைன் மேப், 49 ரூபாய் சேத்துக்கவா"ன்னு கேட்டா பத்து பேர் சரின்னா 490. பிடிஎஃப் வாங்குனவங்கள்ல மூணு பேர் "நீங்களே எங்களுக்கு பிளான் போட்டு கொடுங்க"ன்னு 499 கட்டி அரை மணி நேரம் போன்ல பேசுனா 1,497. எல்லாம் சேத்து 7,957. ஆள் கூடல, வியூஸ் கூடல, அதே முப்பது பேர்தான், வருமானத்துல கால்வாசி அந்த ரெண்டுல இருந்து வருது. போன்ல பேசுறது டிஜிட்டல் பொருள் இல்லைன்னு சிலர் சொல்லுவாங்க, நான் அதை கட்டாயம் வைங்கம்பேன், ஏன்னா அந்த அரை மணி நேரத்துல அவங்க கேக்குற கேள்விதான் அடுத்த பதிப்புக்கு புது பக்கம்.

ஒரு நோட்டுல வாரத்துக்கு நாலு எண்ணிக்கை எழுதுங்க: எத்தனை வியூஸ், எத்தனை பேர் பக்கம் கேட்டாங்க, எத்தனை பேர் கேள்விக்கு பதில் சொன்னாங்க, எத்தனை பேர் வாங்குனாங்க. எங்க பெருசா ஓட்டை இருக்கோ அதை மட்டும் சரி பண்ணுங்க. வியூஸ் இருக்கு, பக்கம் கேக்குறவங்க இல்லைன்னா நீங்க வீடியோல சொல்ற விதமோ லிங்க் வச்ச இடமோ சரியில்ல. பக்கம் வாங்குறாங்க, பதில் சொல்ல மாட்டேங்குறாங்கன்னா இலவச பக்கம் அவங்களுக்கு உதவலை. பதில் எல்லாம் சொல்லிட்டு வாங்க மாட்டேங்குறாங்கன்னா விலையை குறைக்க ஓடாதீங்க, மாதிரி பக்கத்தை மாத்திப் பாருங்க, பெரும்பாலும் உள்ள என்ன இருக்குன்னு அவங்களுக்கு புரியாததுதான் காரணமா இருக்கும். எல்லாத்தையும் ஒரே வாரத்துல மாத்துனா எது வேலை செஞ்சுச்சுன்னே தெரியாம போயிடும்.

இப்ப நான் ரொம்ப அழுத்தி சொல்ல விரும்புற ஒண்ணு. ஃபனல் சொல்லிக் கொடுக்குறவங்க நிறைய பேரு "இன்னும் 10 நிமிஷம்தான்", "கடைசி 3 காப்பி"ன்னு ஓடுற கடிகாரம் வைக்க சொல்லுவாங்க. பிடிஎஃப்ல ஏது தம்பி கடைசி காப்பி? அது பச்சைப் பொய். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு, 13 வகை ஏமாத்து வடிவமைப்பை தடுக்குறதுக்கு, அதுல முதல் ஆளே இந்த பொய் அவசரம்தான். கேக்காமலே கூடைல சாமான் சேத்து விடுறது, வேண்டாம்னு சொல்றவங்களை வெக்கப்பட வைக்கிற மாதிரி பட்டன்ல எழுதுறது, கடைசில புதுசா கட்டணம் காட்டுறது எல்லாம் அதுல இருக்கு. அதனால அந்த 49 ரூபா மேப்பை கேட்டு சேருங்க, தானா டிக் ஆகி நிக்கிற மாதிரி வைக்காதீங்க. உங்களுக்கு பொய் அவசரமே தேவையில்ல, நிஜமான தேதியே நம்ம ஊர்ல நிறைய இருக்கு. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு அக்கினி தீர்த்தத்துல கால் வைக்க இடம் இருக்காது, ரூம் கிடைக்காது, அதுக்கு மூணு வாரம் முன்னாடியே "இந்த தேதியை தவிர்க்கணுமா, இல்ல அந்த தேதிக்குத்தான் வரணுமா, வந்தா என்ன ஏற்பாடு"ன்னு ஒரு மெசேஜ் அனுப்புனா அது உண்மையான உதவி, விற்பனையும் நடக்கும்.

பிடிஎஃப்பை ஒருத்தர் வாங்கி குடும்ப குரூப்ல எல்லாருக்கும் ஃபார்வேர்ட் பண்ணிட்டா என்ன பண்றதுன்னு கவலைப்படுவீங்க. கொஞ்சம் நடக்கத்தான் செய்யும். வாங்குனவர் பேரை ஒவ்வொரு பக்கத்து அடியிலயும் சின்னதா போட்டா பாதி குறையும். மீதிக்கு மருந்து அப்டேட்தான். 2022 டிசம்பர்ல பழைய பாம்பன் பாலத்துல ரயில் நிறுத்துனதுல இருந்து வண்டி எல்லாம் ராமநாதபுரம், மண்டபத்தோட நின்னுக்கிட்டு இருந்துச்சு, 2025 ஏப்ரல் 6-ல புதுப் பாலம் திறந்ததும் ராமேஸ்வரத்துக்கே திரும்ப வருது, அந்த ஒரு மாத்தத்துலயே பழைய வழிகாட்டி எல்லாம் பழசாயிடுச்சுல்ல. வருஷம் ரெண்டு தடவை திருத்தி, வாங்குனவங்களுக்கு இலவசமா புதுசை அனுப்புங்க. ஃபார்வேர்ட்ல வாங்குனவருக்கு அது வராது. புதுசு அனுப்புற சாக்குல பழைய ஆட்கள்கிட்ட "உங்க பயணம் எப்படி இருந்துச்சு, வேற யாராவது வர்றாங்களா"ன்னு ஒரு வரி கேளுங்க, ராமேஸ்வரம் போயிட்டு வந்தவங்க ஊர்ல போய் நாலு பேருக்கு சொல்லாம இருக்கவே மாட்டாங்க, அங்க இருந்து வர்ற ஆள்தான் சீக்கிரம் வாங்குவாரு.

கடல் வீடியோ இல்லாதவங்களுக்கும் இதே வழிதான். கீழக்கரைல சமையல் சேனல் வச்சிருக்க அக்காமார் இருக்காங்க, தொதல்ங்கிற இனிப்பை கிண்டுற வீடியோவை வளைகுடால, மலேசியாவுல இருக்க நம்ம ஊர் பிள்ளைங்கதான் அதிகமா பாப்பாங்க. அவங்களுக்கு இலவசமா கொடுக்க வேண்டியது "அங்க கிடைக்கிற சாமானை வச்சு தொதல் செய்ய எதுக்கு பதிலா எது"ன்னு ஒரு பக்கம், விக்க வேண்டியது கல்யாண வீட்டு அளவுல இருந்து நாலு பேர் அளவுக்கு குறைச்சு எழுதின முழு சமையல் புத்தகம், விக்கிற நேரம் நோன்புக்கு ஒரு மாசம் முன்னாடி. வெளிநாட்டு ஆள்கிட்ட எப்படி காசு வாங்குறதுன்னு தயங்க வேண்டாம், 2023 ஜனவரில இருந்தே சிங்கப்பூர், அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் உட்பட பத்து நாட்டு போன் நம்பரை வச்சே என்ஆர்ஐ கணக்குல யூபிஐ போட, யூபிஐயை நடத்துற என்பிசிஐ வழி பண்ணியிருக்கு, அவங்க பேங்க் அதை செஞ்சு கொடுத்தா போதும். பனை ஓலைல கொட்டான் முடையுற பெண்கள் கிளாஸ் வீடியோ விக்கலாம், அங்க இலவசம்னா முதல் பின்னலை மட்டும் முழுசா முடிக்க வைக்கிற ஒரு வீடியோ. பொருள் மாறும், இலவசத்துக்கும் விலைக்கும் நடுவுல ஆளோட பேசுற அந்த இடம் மாறாது.

வரி விஷயம் சுருக்கமா. சேவை வருமானம் வருஷத்துக்கு 20 லட்சத்தை தாண்டாத வரைக்கும் பொதுவா ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். வருமான வரி வேற, மீன் காசு, யூடியூப் காசு, இந்த காசு மூணையும் தனித்தனியா எழுதி வச்சிட்டு ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்க. இந்த விற்பனைக்கு தனி பேங்க் கணக்கு வச்சிக்கிட்டா அவருக்கும் ஈஸி உங்களுக்கும் ஈஸி.

இப்ப அந்த 15,000 ரூபாய் கோர்ஸ். சேராதீங்க. மேல சொன்ன கணக்குப்படி அது உங்களுக்கு ரெண்டு மாச வருமானம், அதுவும் எல்லாம் சரியா நடந்தா. அந்த காசுல ஒரு நல்ல மைக், தனி சிம், பிடிஎஃப்பை அழகா வடிவமைச்சுக் கொடுக்க ராமநாதபுரத்துல டிடிபி பண்ற ஒருத்தருக்கு கூலி, இது மூணும் முடிஞ்சு மிச்சமும் இருக்கும். யாராவது விடாம கூப்பிட்டா, உங்க ஃபனல்ல உங்க கோர்ஸ் தவிர வேற என்ன பொருள் வித்திருக்கீங்க, அதோட நாலு எண்ணிக்கையை காட்டுங்கன்னு கேளுங்க. சாஃப்ட்வேரும் இப்ப வேண்டாம், மாசாமாசம் டாலர்ல கட்டுற சாஃப்ட்வேர் எதுவும் நீங்க கையால வித்து பாக்காததை தானா வித்து கொடுக்காது. தினமும் வர்ற சாட்டுக்கு பதில் சொல்ல ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுது, ஆர்டர் தவறிப் போகுதுன்னு ஆகுற நாள்ல வாட்ஸ்அப்போட அதிகாரப்பூர்வ ஏபிஐ சேவை, அதாவது சாட்டுக்கு தானா பதில் அனுப்ப வைக்கிற வசதி ஒண்ணை எடுங்க, அப்ப உங்க மெசேஜ் எது வேலை செய்யும்னு ஏற்கனவே தெரிஞ்சிருக்கும், அதையே அதுல ஏத்திடலாம். இப்பவே இந்த ஒரு பக்கத்தை எழுதி மார்ச்சுக்குள்ள வீடியோல சொல்ல ஆரம்பிச்சிடுங்க, ஏப்ரல் 15-க்கு படகை கட்டும்போது உங்க லேபிள்ல "லீவுல வர்றவங்க" பட்டியல் தயாரா இருக்கணும். பக்கம் எழுதி முடிச்சதும் அனுப்புங்க தம்பி, பாத்து சொல்றேன்.